கரண்ட் கண்ணுக்குத் தெரிகிறதா?

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை மேடையானாலும் சரி, ஜெபக்கூட்டமானாலும் சரி, மீலாது விழாவானாலும் சரி, பேச்சு கடவுள் பக்கம் திரும்பிய கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "கரண்ட் கண்ணுக்குத் தெரியுதா? தெரியல. ஆனா பல்பு எரியுதுல்லா? அது மாதிரிதான் கடவுளும்." கூட்டம் தலையாட்டும். பகுத்தறிவு மேடையில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: "கம்பியைத் தொட்டா ஷாக் அடிக்கும். கடவுளைத் தொட்டுக் காட்டும், பாப்போம்." அங்கேயும் கைதட்டல்தான்.

இரண்டு மேடைகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. மின்னோட்டம் இருக்கிறது என்பதில் இருவருக்குமே சந்தேகமில்லை. அது இருக்கிறது என்று மனிதனுக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் யாரும் நின்று கேட்பதில்லை. கேட்டால் விவாதமே வேறு பக்கம் போய்விடும். அதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். பிளஸ் டூ ஆய்வுக்கூடத்தில் செய்கிற மின்தடைச் சுற்றுக் கணக்கே போதும்.

இதைக் கேட்கத் தாமிரபரணிக் கரை பொருத்தமான இடம். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் ஓடத் தொடங்கியது. பைக்காராவும் மேட்டூரும் அதற்கு முந்தியவை. மேலே 143 அடி நீர்மட்டம் வரை தேக்கும் அணை, கீழே டர்பைன்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் இறங்கினால் விக்கிரமசிங்கபுரம். பஞ்சாலையால் பலருக்கும் தெரிந்த ஊர். 18ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் ஆனந்தக்கூத்தர், மயிலம்மை தம்பதிக்கு முக்களாலிங்கர் என்ற பிள்ளை பிறந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தில் துறவு பூண்டு சிவஞான முனிவர் ஆனார். மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய மாபாடியம்தான் இன்றும் சைவ சித்தாந்தத்தின் பேருரை.

முனிவர் மறைந்தது 1785. வோல்ட்டா தன் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தது 1800. ஆக, கம்பியில் ஓடும் மின்சாரத்தை முனிவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அறிவது, எதுவரை அறியலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதில் அவரைவிடக் கறாரானவர் தமிழில் குறைவு. அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகத்தைத் தமிழுக்குத் தந்தவர் அவர். எதிர்வாதிகளின் உரைகளை வரிவரியாக எடுத்து மறுத்த நூல்களும் எழுதியிருக்கிறார். மேடையில் கைதட்டல் வாங்கும் ஓர் உவமை அவர் கைக்குப் போயிருந்தால் லேசில் தப்பியிருக்காது.

சித்தாந்தம் அறியும் வழிகளை அளவை என்று சொல்லும். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பலரும் சொல்லிவந்த பத்து அளவைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அத்தனையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கிவிடும் என்று முடிவு கட்டுகிறது. புலன்களால் நேரே அறிவது காட்சி. ஒன்றைக் கண்டு, காணாத இன்னொன்றைத் துணிவது கருதல். நம்பத்தக்கவர் வாக்கால், முடிவில் ஆகமத்தால் அறிவது உரை. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ இருக்கிறது என்பது கருதலுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. 'அது மாதிரிதான்' என்கிற ஒப்புக்குத் தனி அளவையாக நிற்கும் தகுதியைச் சித்தியார் தருவதில்லை. உவமை விளங்க வைக்கும். நிறுவாது.

அப்படியானால் கரண்ட் உவமை எதைத்தான் சாதிக்கிறது? கண்ணால் காணாதது எதுவும் இல்லை என்று பிடிவாதம் பிடிப்பவரை அது வீழ்த்தும். அப்படிச் சொன்னவர்கள் உலகாயதர். சித்தியாரின் பரபக்கம் முதலில் எடுத்து மறுப்பதும் அவர்களைத்தான். ஆனால் இன்று எதிரே இருப்பவர் உலகாயதர் இல்லை. எலக்ட்ரானை நம்புகிறார், வைரஸை நம்புகிறார், கண்ணால் கண்டதில்லை. அவர் கேட்பது வேறு: நீங்கள் சொல்வதற்குப் புகை எது? காணாதது இருக்கலாம் என்பதிலிருந்து இன்னது இருக்கிறது என்பதற்குப் போக ஓர் ஏது, அதாவது புகை போலச் சான்றாக நிற்கும் ஒன்று, வேண்டும். முயலின் கொம்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஷாக் பதிலும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது. கம்பியைத் தொட்டவர் உணர்வது வலி, தசை வெட்டி இழுப்பது, அவ்வளவே. அதற்குக் காரணம் மின்னோட்டம் என்பது கருதல். தேள் கொட்டினாலும் வலிக்கத்தான் செய்யும். கரண்டைத் தொட்டுப் பார்த்தேன் என்று சொல்ல யாராலும் முடியாது.

மின்னோட்டம் முழுக்க முழுக்கக் கருதலால் வந்த அறிவு. 1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் மின்கலத்தோடு இணைத்த கம்பியைத் திசைகாட்டி அருகே கொண்டுபோனபோது முள் திரும்பியது. கம்பியில் எதுவும் நகர்வதாகத் தெரியவில்லை. திரும்பியது முள்தான்.

அந்த முள்ளை வைத்துக் கணக்கே போட்டவர் கேயார்க் ஓம். கொலோன் நகரின் பழைய ஜெசுவிட் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் நடத்திய ஆசிரியர். (பாளையங்கோட்டையில் 1923இல் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கியதும் இந்த ஜெசுவிட் சபைதான்.) அன்றைய மின்கலங்கள் நிலையாக இருப்பதில்லை, அளக்க அளக்கத் தளர்ந்துவிடும். அதனால் ஓம் 1826இல் வேறு வழி பார்த்தார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் இன்னொரு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு மாறாது. அதனால் மின்னழுத்தமும் மாறாது. பிறகு வேறு வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி, மேலே இழையில் தொங்கும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே போனார். நீளம் கூடக்கூடத் திருப்பம் குறைந்தது, அதுவும் ஓர் ஒழுங்கோடு. 1827இல் புத்தகமாக வந்த அந்த ஒழுங்குதான் இன்று எல்லாரும் மனப்பாடம் செய்யும் ஓம் விதி. ஜெர்மனியில் உடனே மதிப்புக் கிடைக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுக்க 1841 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது ஒரு சின்னச் சுற்று. 6 வோல்ட் மின்கல அடுக்கு. அதிலிருந்து வரும் கம்பியில் முதலில் 2 ஓம் மின்தடை ஒன்று. அதைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்றில் 3 ஓம், இன்னொன்றில் 6 ஓம். பிறகு இரண்டும் சேர்ந்து மின்கலத்துக்குத் திரும்புகின்றன. பக்க இணைப்பில் உள்ள 3 ஓமும் 6 ஓமும் சேர்ந்து 2 ஓமுக்குச் சமம். அதோடு தொடரில் இருக்கும் 2 ஓமைச் சேர்த்தால் தொகுபயன் மின்தடை 4 ஓம். 6 வோல்ட்டை 4 ஓமால் வகுத்தால் 1.5 ஆம்பியர். அது பிரியும் இடத்தில் 3 ஓம் வழியே 1 ஆம்பியரும் 6 ஓம் வழியே 0.5 ஆம்பியரும் போகும்.

இதில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் இரண்டு. தடை குறைவான வழியில் மட்டும்தான் கரண்ட் போகும் என்று நினைப்பது ஒன்று. எல்லா வழியிலும் போகும், தடைக்கு எதிர்விகிதத்தில் பிரிந்து போகும். மின்தடையைத் தாண்டும்போது கரண்ட் கொஞ்சம் செலவாகிவிடும் என்று நினைப்பது இன்னொன்று. இங்கே தாமிரபரணியைக் காட்டி விளக்கும் ஆசிரியர்கள் உண்டு. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகளில் ஆறு கால்களாகப் பிரிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, பிரிவது சட்டென்று புரியும். ஆனால் கன்னடியன் காலில் போன தண்ணீரை வயலும் வெயிலும் குடித்தது போக மிச்சம்தான் ஆற்றுக்கு வரும். மின்சுற்றில் அப்படி இல்லை. 1.5 ஆம்பியர் புறப்பட்டால் 1.5 ஆம்பியர் திரும்பி வந்தாக வேண்டும். செலவாவது ஆற்றல். இந்தக் கணக்கை 1845இல் விதியாக எழுதிய கிர்க்காஃப் அப்போது கேனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர். நல்ல உவமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று வகுப்பில் காட்ட ஆற்றை விடப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை.

இந்தக் கருதலுக்கு ஏன் இவ்வளவு பலம்? பல தனித்தனிச் சான்றுகள் ஒரே முடிவில் வந்து சேர்வது முதல் காரணம். காந்த ஊசி திரும்புகிறது, கம்பி சூடாகிறது, உப்புக் கரைசலில் உலோகம் படிகிறது. மூன்றும் ஒரே கணக்குக்குக் கட்டுப்படுகின்றன. மின்கலத்தில் வரும் மின்சாரம், உராய்வில் வரும் மின்சாரம், காந்தத்தால் வருவது, வெப்பத்தால் வருவது, மீன் உடம்பிலிருந்து வருவது எல்லாம் ஒன்றேதானா என்று ஃபாரடே 1833இல் விளைவு விளைவாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றே என்று முடிவு செய்தார். இரண்டாவது காரணம், தோற்கவும் தயாராக நிற்பது. மேலே சொன்ன சுற்றில் பக்க இணைப்பாக இன்னொரு மின்தடையை மாட்டினால் மொத்த மின்னோட்டம் கூட வேண்டும். குறைந்தால் ஓம் விதி போயிற்று. கரண்டைக் கடவுளுக்கு உவமை சொல்பவர், எது நடந்தால் தம் கூற்று தவறாகும் என்று சொல்வதில்லை. இது பக்தரைக் குறை சொல்வதற்காக இல்லை. பக்தி அப்படி ஒரு சோதனையைக் கேட்டு வந்ததே கிடையாது. அதன் மேல் கொண்டுபோய் அம்மீட்டரை மாட்டியது உவமை சொன்னவர்தான்.

இத்தனை பலமுள்ள கருதலுக்கும் எட்டாத ஓரிடம் உண்டு. விஷயம் சூடு பிடிப்பது அங்கேதான்.

மீட்டர் சமனச்சுற்று ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் பழக்கம். ஒரு மீட்டர் நீளக் கம்பி, பலகையில் இழுத்துக் கட்டியது. இடது இடைவெளியில் தெரியாத மின்தடை, வலது இடைவெளியில் தெரிந்த மின்தடை, நடுவிலிருந்து கால்வனாமீட்டர், அதன் மறுமுனையில் ஜாக்கி. வலதில் 6 ஓம் வைப்போம். இடதில், நம் சுற்றின் மூன்று மின்தடைகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மூடி, இரண்டு கம்பிகளை மட்டும் வெளியே விட்டு இணைப்போம். ஜாக்கியைக் கம்பியில் 20 சென்டிமீட்டரில் தொட்டால் முள் ஒரு பக்கம் சாயும். 70இல் தொட்டால் மறுபக்கம். உள்ளே நகர்த்திக்கொண்டே வந்தால் 40இல் முள் அசையாமல் பூஜ்யத்தில் நிற்கும். 40க்கு 60, 4க்கு 6. ஆக, பெட்டியில் 4 ஓம்.

இப்போது அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு இன்னொரு பெட்டி. உள்ளே பக்க இணைப்பில் இரண்டு 8 ஓம். முள் 40இல் பூஜ்யம். மூன்றாவது பெட்டியில் தொடராக ஒரு 1 ஓம், ஒரு 3 ஓம். அதே 40. நான்காவதில் ஒரே ஒரு 4 ஓம். அதே 40. சமனச்சுற்றை விட்டுவிட்டு 6 வோல்ட்டை நேரே கொடுத்தாலும் நான்கும் 1.5 ஆம்பியர்தான் எடுக்கும், நான்கிலும் மொத்தம் 9 வாட் வெப்பம்தான் வரும். வெளியே தெரியும் இரண்டு கம்பிகளில் நேர்மின்னோட்டத்தை வைத்து எத்தனை துல்லியமாக, எத்தனை ஆண்டுகள் அளந்தாலும் உள்ளே இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கருவி மட்டம் என்பதால் வரும் குறை இல்லை இது. கணக்கே அப்படி.

வரைபடம் கையில் இருந்தால் 4 ஓம் என்று ஒரே விடை வரும். 4 ஓமிலிருந்து வரைபடத்துக்குத் திரும்பிப் போக எண்ணில்லாத வழிகள். தர்க்கசங்கிரகம் படித்தவருக்கு இது புதிதில்லை. புகை இருந்தால் தீ உண்டு. தீ இருந்தால் புகை உண்டு என்று திருப்பிச் சொன்னால் நிற்காது. காய்ச்சிய இரும்புக் குண்டில் தீ உண்டு, புகை கிடையாது. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. இப்படி இடையில் ஒளிந்து நிற்கும் நிபந்தனையை உபாதி என்பார்கள். கருதல் எந்தத் திசையில் செல்லும், எந்தத் திசையில் செல்லாது என்பதைக் கவனிப்பதற்கென்றே அந்தப் பாடம்.

ஐரோப்பாவில் இதே விஷயத்தை 1853இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணிதமாக நிறுவினார். தசைகளிலும் நரம்புகளிலும் எழும் மின்சாரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக எழுதிய கட்டுரை அது. உடம்பின் மேற்பரப்பில் மட்டும் அளந்து, உள்ளே மின்சாரம் எப்படி விரவியிருக்கிறது என்று ஒரே விடையாகச் சொல்ல முடியாது. ஒரே வெளித்தோற்றத்துக்குப் பல உள்நிலைகள் பொருந்தும் என்று காட்டினார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இன்று ஈ.சி.ஜி. எடுக்கும்போதும் இந்த வரம்பு அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் அந்தக் கோடுகளிலிருந்து நோயைச் சொல்கிறார் என்றால், இதயத்தைத் திறந்து பார்த்தவர்கள் எழுதிவைத்த உடற்கூற்று அறிவு அவருக்குப் பின்னால் இருக்கிறது. வெறும் கோட்டிலிருந்து மட்டும் அது வராது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஓம் விதி 1827, கிர்க்காஃப் விதிகள் 1845, எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டது 1897. 70 ஆண்டுகள், ஓடுவது இன்னதென்றே தெரியாமல் எவ்வளவு ஓடுகிறது என்று பிழையில்லாமல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு ஓடுவதாக வைத்துக்கொண்ட திசைகூட எலக்ட்ரான் போகும் திசைக்கு நேர் எதிர். கணக்கு எதுவும் கெடவில்லை. இருக்கிறது என்பதையும், எவ்வளவு என்பதையும், மற்றவற்றோடு எப்படி உறவு என்பதையும் கருதல் தரும். என்ன என்பதை அது தந்தே தீரும் என்பதற்கு உறுதி கிடையாது.

இதை வைத்துக்கொண்டு சிவஞானபோதத்துக்குத் திரும்பலாம். அதன் முதல் சூத்திரம் ஒரு கருதல்தான். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதைச் செய்பவன் ஒருவன் உண்டு என்பது அதன் கருத்து. இங்கே ஏது வெளிப்படையாக மேசைமேல் வைக்கப்படுகிறது. அதனாலேயே மறுக்கவும் முடிகிறது. நியாய மரபில் உதயனர் இப்படிப்பட்ட கருதலுக்காக வாதாடினார். பௌத்தரான ரத்னகீர்த்தி இதை மறுக்கவே தனி நூல் எழுதினார். குடத்துக்குக் குயவன் உண்டு என்பது சரி, மலைக்கும் புல்லுக்கும் அந்த விதியை எப்படி நீட்டுவது, நீட்டினாலும் செய்தவன் ஒருவன்தான், எல்லாம் அறிந்தவன்தான் என்பது எங்கிருந்து வந்தது என்பது பௌத்தர் பக்கத்துக் கேள்வி. பெட்டிக்குள் ஒரே 4 ஓமா, இரண்டு 8 ஓமா என்ற கேள்விதான் இது, ஆள் மட்டும் வேறு.

மேடை உவமைக்கு நேரடியான மறுப்பு ஆறாம் சூத்திரத்தில் இருக்கிறது. கருவிகளால் சுட்டி அறியப்படுவது எல்லாம் அசத்து, மாறுவது. எவ்விதத்தாலும் அறியப்படாதது என்றால் அது வெறும் இன்மை. சிவம் இவ்விரண்டு வகையிலும் சேராது. மின்னோட்டம் எந்த வகை? அம்மீட்டரில் முள் காட்டுகிறது, சுவிட்சைப் போட்டால் வருகிறது, அணைத்தால் போகிறது. அது முதல் வகைக்கு நல்ல உதாரணம். கடவுள் கரண்ட் மாதிரி என்று சொல்பவர், தம்மை அறியாமலே கடவுளை அசத்துப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார். நாத்திகர் மறுப்பதற்கு முன்பே இந்த உவமையைச் சித்தாந்தம் மறுத்துவிட்டது. சைவ மேடைகளிலேயே இது தடையில்லாமல் உலவுவது வருத்தப்பட வேண்டிய விஷயம்.

அப்படியானால் பெட்டிக்குள் இருப்பதை அறியவே முடியாதா? மின்சுற்றில் முடியும், ஆனால் அதே இரண்டு கம்பிகளால் முடியாது. மூன்றாவதாக ஒரு கம்பி உள்ளிருந்து வெளியே வர வேண்டும். அல்லது பெட்டியைச் செய்தவர் சொல்ல வேண்டும். அல்லது திறக்க வேண்டும். சித்தாந்தம் உரையைக் கருதலில் கரைத்துவிடாமல் தனி அளவையாக வைத்திருப்பதன் நியாயம் இங்கே விளங்குகிறது. இருப்பைக் கருதலால் காட்ட முயலலாம். இயல்பைச் சொல்ல ஆகமமும் அருளும் வேண்டும் என்று அது ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது. நம்பாதவர் உடனே கேட்பார்: அந்தப் பெட்டியைத் திறந்தவர் யார், அவர் சொல்வதை நான் ஏன் ஏற்க வேண்டும்? நியாயமான கேள்வி. அதற்குப் பதிலை மின்சாரத்திலிருந்து எடுக்க முடியாது என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால், உரையைப் பற்றி, நம்பிக்கைக்குரியவர் யார் என்பதைப் பற்றி, உருப்படியாக ஒரு விவாதம் நடக்கும். இன்றைக்கு அந்த விவாதத்தைத் தொடங்க விடாமல் தடுப்பதே அந்த ஒற்றை உவமையும் அதற்கான ஒற்றை ஷாக் பதிலும்தான்.

விக்கிரமசிங்கபுரம், பாபநாசம், அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் வகுப்பில் அளவை பற்றிப் பேச நேரும் நாளில் இயற்பியல் ஆசிரியரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். சிவஞான முனிவர் தமிழாக்கிய தர்க்கசங்கிரகத்தில் கருதல் பகுதியை ஒருவர் வாசிக்கட்டும். மூடிய பெட்டியை மற்றவர் சமனச்சுற்றில் மாட்டிக் காட்டட்டும். வேண்டியவை ஒரு மீட்டர் சமனச்சுற்று, ஒரு கால்வனாமீட்டர், சில மின்தடைகள், நான்கு அட்டைப்பெட்டிகள். பிள்ளைகள் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று எழுதிக் கொடுத்த பிறகுதான் திறக்க வேண்டும்.